சல்லியா, சுழியா? மன்னார் வளைகுடாத் தீவுகளும் ஃபூட்டின் ‘எழுந்த நிலம்’ வாசிப்பும்

ராஜபாளையத்தில் வீடு கட்டத் தொடங்குகிறவர் கொத்தனாரிடம் முதலில் கேட்டு வைத்துக்கொள்ளும் கணக்குகளில் ஒன்று, சல்லி எத்தனை யூனிட் என்பது. வட மாவட்டங்களில் ஜல்லி, நமக்குச் சல்லி. முக்கால் இஞ்ச், ஒன்றரை இஞ்ச் என்று லாரியில் வந்து தெருவோரம் கொட்டப்படும் அந்தக் கருங்கல், மேற்கே தெரிகிற மலையின் இனம்தான். ஆனால் சல்லி என்பது கல்லின் பெயரன்று, உடைந்த நிலையின் பெயர். எது உடைந்து குவிந்தாலும் சல்லி. இந்தக் கட்டுரையின் பாதிப் பாரத்தை இந்த ஒரு சொல் தாங்கப்போகிறது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தூத்துக்குடிக்கும் வேம்பாறுக்கும் எதிரே கடலில் கிடக்கும் தீவுகளில் மூன்றின் பெயர்கள் கரியசல்லி, விலாங்குசல்லி, புழுவினிச்சல்லி.

இத்தீவுகள் எப்படி உண்டாயின என்ற கேள்விக்குத் தென்தமிழகத்தில் முதலில் ஒழுங்காகப் பதில் சொல்ல முயன்றவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863இல் பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்தவர் என்று எல்லாரும் அறிந்த அதே ஃபூட். மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியல் குறித்து அவர் எழுதிய நூல், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் நினைவேடுகளில் இருபதாம் தொகுதியாக 1883இல் வந்தது. நம் ஊர்களும் அன்று அந்த எல்லைக்குள்தான் இருந்தன. அவர் பார்த்ததைப் பற்றி எனக்குப் பிணக்கு இல்லை. பார்த்ததற்கு அவர் சொன்ன காரணத்தோடு பிணக்கு உண்டு. அந்தக் காரணம் எந்த ஊர்ப் பாடத்திலிருந்து வந்தது என்பதில் அதைவிடப் பெரிய பிணக்கு.

அதற்கு முன், வீட்டுப் பக்கத்துக் கற்களைப் பற்றிக் கொஞ்சம். கல்லூரி மாணவர்களிடம் இரண்டு கல் கொண்டுவரச் சொன்னால் பெரும்பாலும் ஒரே ஜோடிதான் வரும். ஒன்று மலையடிவாரத்துக் கருங்கல். ‘இது எரிமலைக் கல், சார்’ என்பார்கள். மற்றது ஆலங்குளத்து வெள்ளைக்கல். ‘இது கடல் இருந்த இடம், பவளம்’ என்பார்கள். இரண்டும் பிழை. ஆனால் பயனுள்ள பிழை. சஞ்சீவி மலையும் திருவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலைக் குன்றும் சமவெளியில் தனித்து நிற்பதைப் பார்த்தால் அணைந்த எரிமலை என்று தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் அந்தக் கருங்கல், அதாவது சார்னகைட், எரிமலை வாயிலிருந்து வழிந்ததில்லை. புவியோட்டின் அடியாழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் நீர் வற்றிய நிலையில் உருவாகி, மேலிருந்ததெல்லாம் அரித்துப்போன பிறகு வெளியே தலைகாட்டியது. அதற்குப் பெயர் வந்த கதையும் கல்வெட்டுக்காரர்களுக்குப் பிடிக்கும். கல்கத்தாவில் ஜாப் சார்னக்கின் கல்லறைமேல் இருக்கும் எழுத்தை எல்லாரும் படித்தார்கள். ஹாலந்து என்ற நிலவியலாளர் எழுத்தை விட்டுவிட்டு, அது வெட்டப்பட்ட கல்லைப் படித்தார். 1893இல் அவர் இட்ட பெயர்தான் சார்னகைட். கல் போயிருந்தது சென்னைப் பக்கத்திலிருந்து.

சமவெளியில் தனித்து நிற்கும் இத்தகைய குன்றை நிலவியலார் ஜெர்மன் சொல்லால் இன்செல்பெர்க் என்பார்கள். நேர்ப்பொருள் ‘தீவுமலை’. கடலே இல்லாத இடத்தில் ஒரு தீவு. சுற்றியிருந்த மெலிந்த பாறை அரித்துப்போக, கெட்டியானது நின்றுவிட்டது.

வெள்ளைக்கல்லின் கதை வேறு. ஆலங்குளத்தில் 1970இல் அரசு சிமெண்டு ஆலை வந்ததற்கும், அதற்கு முன்பே 1960களின் தொடக்கத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா விருதுநகருக்கு அருகே துலுக்கப்பட்டியில் ஆலை நிறுவியதற்கும் காரணம் இம்மாவட்டத்துச் சுண்ணாம்புக்கல்தான். ஆனால் இது பவளமும் சிப்பியும் உலகில் தோன்றுவதற்கு முற்பட்ட தொல்பழங் கடலின் படிவு. பின்னர் வெப்பத்தில் வெந்து படிகமாகிப் பளிங்கு போல் ஆனது. இதில் ஒரு கிளிஞ்சலைத் தேடி எடுப்பது நடக்காத காரியம். கரிசலில் கொழு முனையில் தட்டுப்படும் சுக்கான் கல்லோ கடலையே கண்டதில்லை. மண்ணுக்குள்ளேயே நிலத்தடி நீர் விட்டுப்போன சுண்ணம் உறைந்தது. ஆக நம் காளவாசலில் வெந்த சுண்ணாம்புக்குக் குறைந்தது மூன்று பிறப்பு: வெள்ளைக்கல், சுக்கான், கடற்கரைக் கிளிஞ்சல். சுண்ணாம்பு என்று ஒரே பெயரில் அழைப்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே வரலாறு இருந்தாக வேண்டியதில்லை. தீவுகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

ஃபூட் பார்த்தது

ராமேஸ்வரத்தின் வடகரையில், பாம்பன் பக்கம், ஓதம் வற்றும் வேளையில் நடந்து பார்க்கிறவருக்கு ஃபூட்டின் சான்று இன்றும் கண்ணெதிரே கிடக்கிறது. கடல் அரித்த திட்டு ஒன்று இடுப்புயரத்துக்குள் நிற்கிறது. கிட்டப்போய்க் குனிந்தால் அது சாதாரணப் பாறையில்லை. மூளையின் மடிப்புப் போல வரியோடிய பவளத் தலைகள், வளர்ந்த நிலையிலேயே, மேற்பக்கம் வானம் பார்க்க அமர்ந்திருக்கின்றன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே சிப்பியும் மணலும் சுண்ணத்தால் ஒட்டிக் கெட்டிப்பட்டுள்ளன. புயல் உருட்டிக் கொண்டுவந்த பவளமாக இருந்தால் பாதித் தலைகளாவது கவிழ்ந்து கிடக்க வேண்டும். கட்டைவிரலை அந்த வரிகளில் வைத்து அழுத்தினால் சுணை இன்னும் மழுங்கவில்லை என்பது தெரியும்.

பவளப்பூச்சி நீருக்கு வெளியே வளராது. தாழ் ஓத மட்டத்தை ஒட்டி அதன் வளர்ச்சி நின்றுவிடும். வளர்ந்த நிலையில் இருக்கும் பவளம் இன்று ஓதத்துக்கு மேல் நிற்கிறதென்றால் ஒன்று நிலம் எழுந்திருக்க வேண்டும், அல்லது கடல் இறங்கியிருக்க வேண்டும். ஃபூட் தயங்காமல் முதலாவதைத் தேர்ந்தார்: கரை எழுந்தது. 1880களின் இறுதியில் அவர் ராமேஸ்வரத்தைப் பற்றித் தனியாக எழுதியபோதும் இந்த வாசிப்பிலிருந்து நகரவில்லை. பின்வந்த விவரணைகள் பலவற்றில் இது முடிவாகவே நிலைத்தது.

ஏன் தயங்கவில்லை? இங்கேதான் நான் அவரோடு அதிக நேரம் மல்லுக்கட்ட விரும்புகிறேன். அவர் 1858இல் பணியில் சேர்ந்தவர். அந்தத் தலைமுறைக்கு நிலவியல் வேதம் சார்லஸ் லயலின் நூல். 1830இல் வந்த அதன் முதல் தொகுதியின் முகப்பில் ஒரே ஒரு படம்: இத்தாலியின் பொட்சுவோலியில் நிற்கும் மூன்று பளிங்குத் தூண்கள். செராபிஸ் கோயில் என்று அன்று அழைக்கப்பட்ட இடம். தூண்களின் நடுவுயரத்தில் கடற்சிப்பி துளைத்த துளைகள் வரிசையாக இருக்கின்றன. தூண்கள் நட்டது நட்டபடி நிற்க, நிலம் கடலுக்குள் தாழ்ந்து மறுபடி எழுந்திருக்கிறது என்பது லயலின் வாசிப்பு. அது முற்றிலும் சரி. ஆனால் பொட்சுவோலி எங்கே இருக்கிறது? ஓர் எரிமலை வாயின்மேல். அடியில் பாறைக்குழம்பும் ஆவியும் புடைத்தால் ஊரே எழும். வடிந்தால் ஊரே தாழும். அங்கே நிலம் மூச்சுவிடுவது போல ஏறி இறங்குவது அன்றாட நடப்பு, இன்றும் நடக்கிறது.

எரிமலை நாட்டில் கற்ற இந்தப் பாடத்தை, நூறு கோடி ஆண்டுகளுக்கும் மூத்த கெட்டிப் பாறையின் விளிம்பில், எரிமலையே இல்லாத ஒரு சுண்ணாம்புக் கரைக்குக் கொண்டுவந்து ஒப்பித்துவிட்டார் ஃபூட் என்பது என் குற்றச்சாட்டு. சான்று ஒன்றுபோல் இருந்தது: இங்கும் கடலுயிர் விட்டுப்போன தடம், அங்கும் அதுவே. சான்று ஒன்றானால் காரணமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று கொண்டது பிழை.

அவருக்கு நியாயம் செய்ய ஒன்றைச் சேர்க்கவேண்டும். கடல்மட்டம் உலகம் முழுதும் ஒருசேர ஏறி இறங்கக்கூடும் என்ற கருத்தைப் பெயரிட்டு முன்வைத்தவர் எடுவார்ட் சூஸ். அது 1888இல். ஃபூட்டின் மதுரை நூல் அதற்கு ஐந்தாண்டு முந்தியது. கையில் இல்லாத கருவியை ஏன் பயன்படுத்தவில்லை என்று ஒருவரைக் கேட்பது முறையில்லை. பிற்பாடு கையில் வந்தபோது பழைய வாசிப்பைத் தொட்டுப் பார்க்காமல் படியெடுத்தவர்களைக் கேட்கலாம்.

அடியில் என்ன இருக்கிறது

எரிமலைத் தீவு, சுண்ணாம்புத் தீவு என்று பள்ளிப் புத்தகம் இரண்டாகப் பிரிக்கிறது. பிரிவினை கண்ணுக்குச் சரி. போர்ட் பிளேருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 135 கி.மீ.யில் இருக்கும் பாரன் தீவைப் பாருங்கள். கடலடியிலிருந்து இரண்டு கி.மீ.க்கு மேல் எழுந்து, நீருக்கு வெளியே சுமார் 350 மீட்டர் மட்டும் தெரிகிறது. வட்ட மதில் போன்ற பழைய வாய், அதன் நடுவே சாம்பற்கூம்பு, மேற்கே மதில் உடைந்த வழியாகக் கடலுக்கு வழிந்த கருங்குழம்பு. 1787 முதல் பதிவுகள் உள்ளன. ஒன்றரை நூற்றாண்டு உறங்கி 1991இல் எழுந்தது. அதற்கு வடக்கே நார்கொண்டம் 710 மீட்டர், காடு போர்த்தியது, அணைந்தது. இரண்டுமே ஒரு புவித்தட்டு மற்றொன்றின் கீழ் செருகும் வரிசையில் பிறந்தவை. தமிழர் கரும்புத் தோட்டத்துக்குப் போன ரீயூனியனில் பித்தோன் தெ நேஜ் 3,070 மீட்டர் உயரம். பள்ளத்தாக்குகள் கோடாலியால் வெட்டியது போல் இறங்குகின்றன, கரையில் கறுப்பு மணல். எரிமலைத் தீவில் உயரம் உண்டு, ஓடை உண்டு, மழை மறையும் பக்கமும் மழை பெய்யும் பக்கமும் உண்டு.

சுண்ணாம்புத் தீவில் இவை ஒன்றும் இல்லை. இலட்சத்தீவுகளின் மொத்த நிலம் 32 சதுர கி.மீ.தான்; கடல்மட்டத்துக்கு மேல் சில மீட்டர்; தென்னைதான் அங்கே மலை. யாழ்ப்பாணக் குடாநாடு பழைய மயோசீன் சுண்ணாம்பின்மேல் கிடக்கிறது. அங்கே ஆறென்று சொல்லத்தக்க ஆறு இல்லை. மழைநீர் பாறைக்குள் இறங்கிக் குகைகளில் ஓடி நிலாவரைக் கிணற்றிலும் கீரிமலைக் கேணியிலும் தலைநீட்டுகிறது. நெடுந்தீவில் வேலியே முருகைக்கல்தான், காரை இல்லாமல் அடுக்கியது.

ஆனால் இந்தப் பிரிவினை மேற்கூரையைப் பார்த்து வீட்டைச் சொல்வது போன்றது. டார்வின் 1842இல் பவளத்திட்டுகள் குறித்த நூலை வெளியிட்டபோது கேட்டது கூரையைப் பற்றியன்று, அஸ்திவாரத்தைப் பற்றி. எரிமலைத் தீவு ஒன்று மெல்லத் தாழ்கிறது. கரையோரப் பவளம் அதே வேகத்தில் மேல்நோக்கி வளர்கிறது. மலை முழுகிப்போன பின் வட்டப் பவளம் மட்டும் கடற்கழியைச் சூழ்ந்து மிஞ்சுகிறது. இதைச் சோதிக்க 1896 முதல் 1898 வரை பசிபிக்கின் ஃபுனாஃபுட்டியில் துளையிட்டார்கள். 1,114 அடி இறங்கியும் சுண்ணாம்பு தீரவில்லை. ஆதரித்தவரும் எதிர்த்தவரும் அவரவர் வெற்றி என்றார்கள். 1952இல் எனிவெடாக்கில் 1,200 மீட்டருக்கும் கீழே போனபோதுதான் கருங்குழம்புப் பாறை தட்டுப்பட்டது. நம் பக்கத்தில் 1987இல் கடலடித் துளைப்புக் கப்பல் மாலத்தீவு, சாகோஸ் வழியாக மஸ்கரீன் வரை பாறை எடுத்தது. வடக்கே வயது கூடுதல், தெற்கே வரவரக் குறைவு; மாலத்தீவின் அடியில் சுமார் 5.7 கோடி ஆண்டு, சாகோஸில் 4.9 கோடி. தக்காணத்துக் கருங்குழம்பைக் கக்கிய அதே வெப்ப ஊற்றின்மேல் இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்து போன தடம் அது. ஊற்று இன்று ரீயூனியனில் எரிகிறது.

எனவே இலட்சத்தீவு, மாலத்தீவுகள் சுண்ணாம்புக் கூரை வேய்ந்த எரிமலைகள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் அப்படியில்லை. அவை கண்டத்திட்டின்மேல், ஆழமற்ற நீரில், கரைக்குச் சில கி.மீ. தொலைவில் கிடக்கின்றன. அடியில் எரிமலை இல்லை, தாழ்வதற்கு மலையும் இல்லை. இருபதாயிரம் ஆண்டுக்கு முன் பனியூழியின் உச்சத்தில் கடல் இன்றைக்கு 120 மீட்டர் அளவு கீழே இருந்தது. இத்தீவுகளின் இடமும் பாக் நீரிணையும் வெறும் தரை. (கடல்கொண்ட குமரிக்கண்டத்தை இந்தத் தரையோடு சேர்க்கும் ஆசை எனக்கும் ஒருகாலத்தில் இருந்தது. கண்டத்தின் அளவுக்கு இது போதாது.) பனி உருகி நீர் ஏறி வந்த பிறகுதான் இங்கே பவளம் பிடித்திருக்க முடியும். டார்வினுடைய தாழும் நிலமும் ஃபூட்டினுடைய எழும் நிலமும் வேறு நாட்டுப் பாத்திரங்கள். இங்கே மேடையேற அவற்றுக்குத் தனிச் சான்று வேண்டும்.

பெயர்களின் சாட்சி

இனி அந்த மூன்று பெயர்கள். ஆங்கிலக் கடல் வரைபடங்களிலும் அவற்றை அடியொற்றிய பட்டியல்களிலும் இரண்டு தீவுகளுக்கு ‘கரிய ஷுலி’, ‘விலாங்கு ஷுலி’ என்ற வடிவம் வருகிறது. அதே பட்டியலிலேயே மூன்றாவது ‘புழுவினிச்சல்லி’யாக இருக்கும். வனத்துறை, மீன்வளத் துறைப் பட்டியல்களில் மூன்றுக்கும் சல்லி. எது மூலம்?

ஷுலி என்பதைத் தமிழாக்கினால் ‘சுழி’ என்று வரும். கரிய சுழி, விலாங்கு சுழி. நேர்மையாகச் சொன்னால் இது கவர்ச்சியான பாடம். கறுத்துச் சுழலும் நீர். விலாங்கு பதுங்கும் சுழல். கடலோடிக்கு எச்சரிக்கையாக இட்ட பெயர் என்று அழகாக விளக்கிவிடலாம். இந்தப் பாடத்தை ஏற்றால் பெயர் நீரைப் பற்றிப் பேசுகிறது. சல்லி என்று கொண்டால் நிலத்தைப் பற்றி, அது எதனால் ஆனது என்பதைப் பற்றிப் பேசுகிறது. என் வாதத்துக்கு வேண்டியது இரண்டாவது. அதனாலேயே முதலாவதை நான் கூடுதல் கவனத்தோடு எதிர்க்க வேண்டியிருக்கிறது.

ஆங்கிலேயர் காதில் விழுந்த தமிழ் அகரத்தை அவர்கள் எப்படி எழுதினார்கள்? கடலூரை எழுதியபோது முதல் உயிருக்கு ‘யு’ என்ற எழுத்தை இட்டார்கள். பழனி மலையையும் அப்படியே. ஆங்கிலத்தில் அந்த எழுத்து அகரம் போல் ஒலிக்கும் சொற்கள் ஏராளம் என்பதால் அது அவர்களுக்கு இயல்பு. பின்னால் தமிழர் அதை எழுத்துக்கு எழுத்தாகப் படித்தால் உகரமாகிவிடும். ஆக ‘ஷுலி’ என்று இன்று நாம் வாசிப்பது, எழுதியவர் வாயில் ‘ஷலி’யாக இருந்திருக்கலாம். சகரத்தை ‘ஷ’ ஒலியில் எழுதும் பழக்கத்துக்குச் சோழவந்தான் சாட்சி. ஆங்கிலத்தில் அது ஷகரத்தில்தான் தொடங்குகிறது.

சோழவந்தானைச் சாட்சிக்கு அழைத்ததும் எதிர்த்தரப்பு எழுந்து நிற்கும் என்று தெரியும். அதே சொல்லில் ழகரத்தை ஆங்கிலேயர் ஒற்றை லகரமாக எழுதினார்கள். அப்படியானால் ஷுலியின் ஒற்றை லகரம் சுழியின் ழகரமாகலாமே? ஆகலாம். சல்லியின் இரட்டை லகரம் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு என்னிடம் இருப்பது பலவீனமான பதில்தான்: இரட்டிப்பை அவர்கள் அடிக்கடி விட்டுவிடுவார்கள். எழுத்தை மட்டும் வைத்து வழக்கை முடிக்க இயலாது.

எழுத்துக்கு வெளியே மூன்று காரணங்கள் சல்லிப் பக்கம் சாய்கின்றன. தூத்துக்குடிப் பக்கத்தில் கிளைப் பவளத்தின் உடைதுண்டுக்குச் சல்லி என்ற பெயர் வழக்கில் உண்டு. பவளம் வெட்டிச் சுண்ணாம்புக்கும் கார்பைடுக்கும் ஏற்றிய நாள்களில் அது வணிகப் பெயராகவும் இருந்தது. ராஜபாளையத்து லாரியில் கருங்கல்லுக்கு உள்ள அதே பெயர், அங்கே தோணியில் வெள்ளைப் பவளத்துக்கு. இரண்டாவது, சல்லிப் பெயர்கள் தூத்துக்குடி, வேம்பாறுத் தீவுக் கூட்டங்களில் மட்டுமே வருகின்றன; கீழக்கரை, மண்டபம் கூட்டங்களில் இல்லை. வட்டார வழக்குச் சொல் ஒன்று தீவுப்பெயராகும்போது எதிர்பார்க்கத்தக்க பரவல் இது. சுழிக்கு இந்த எல்லை ஏன் இருக்க வேண்டும்? மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. மண்டபம் கூட்டத்தில், பாம்பனுக்கு அருகே, சிங்கில் தீவு என்று ஒன்று உண்டு. அது ஆங்கிலச் சொல்லென்றே படுகிறது. கடற்கரையில் அலை குவித்த உடைகல்லுக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயர். வடகோடியில் ஆங்கிலேயர் ஒரு தீவைப் பார்த்து இட்ட பெயரும், தென்பகுதியில் பரதவர் மூன்று தீவுகளைப் பார்த்து இட்ட பெயரும் ஒரே பொருளில் நிற்கின்றன என்றால் அதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

‘கரிய’ என்ற அடைக்கும் இதில் இடமுண்டு. புதிதாகக் கரையேறிய பவளச் சல்லி எலும்பு போல் வெள்ளை. வெயிலிலும் ஓதத்திலும் கிடந்து நுண்பாசி பிடித்ததும் சாம்பலாகி, பிறகு கறுக்கும். கரியசல்லி என்பது பழஞ்சல்லி, அதாவது பல புயல் கண்ட குவியல் என்பது என் ஊகம். ஊகம்தான்.

குருசடைத் தீவுக்கு வனத்துறைப் படகில் போயிருந்தபோது, கரையில் விரற்கனத் துண்டுகள்மேல் நடந்து பார்த்தேன். ஓட்டுவீடு சரிந்த இடத்தில் நடப்பது போலச் சலசலத்தது. கையில் எடுத்த ஒரு துண்டு மான்கொம்புப் பவளத்தின் கிளை, இரு முனையும் முறிந்தது, பக்கவாட்டில் கிடந்தது. பாம்பன் வடகரைத் திட்டில் பவளம் நிமிர்ந்து அமர்ந்திருக்கிறது. இங்கே விழுந்து கிடக்கிறது. என் வாதம் முழுவதும் இந்த வேறுபாட்டில் அடங்கும்: ராமேஸ்வரத்தில் இருப்பது நீருக்கு வெளியே விடப்பட்ட திட்டு, 21 தீவுகளில் நம் கண்ணுக்குத் தெரியும் பகுதி, இன்றைய கடல்மட்டத்திலேயே உயிருள்ள திட்டின்மேல் அலை ஏற்றிவைத்த சல்லியும் மணலும். முன்னதற்கு மட்டத்தின் மாற்றம் வேண்டும். பின்னதற்குப் புயலும் நேரமும் போதும். ஃபூட் ராமேஸ்வரத்துக்குச் சொன்ன ‘எழுந்தது’ என்ற வினையை இவற்றுக்கும் நீட்டினால், குவிந்ததை எழுந்தது என்று சொல்லும் பிழை நேர்கிறது.

இடப்பெயர் நிலவியலைச் சொல்லும் என்பதற்கு அடுத்த வீட்டிலேயே சான்று இருக்கிறது. வேம்பாறுக் கூட்டத்தில் நல்லதண்ணி, உப்புத்தண்ணி என்று இரண்டு தீவுகள். சுண்ண மணல் தீவில் பெய்யும் மழை ஓடாது. உள்ளே இறங்கி, கனமான உப்புநீரின்மேல் மெல்லிய வில்லை போல் மிதக்கும். நிலத்தடி நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பதடி இருக்கும் என்பது கைபெனும் ஹெர்ட்ஸ்பெர்க்கும் கண்ட கணக்கு. அந்த வில்லைக்கு அகலம் வேண்டும். நல்லதண்ணி நூறு ஹெக்டேரைத் தொடுகிறது. உப்புத்தண்ணி அதில் கால்வாசிகூட இல்லை. ஹெர்ட்ஸ்பெர்க் 1901இல் எழுதியதைக் கிணறு தோண்டிப் பார்த்தவர்கள் முன்பே பெயராக வைத்துவிட்டார்கள். இப்படிப் பெயரிடும் ஒரு சமூகம், சல்லியால் ஆன தீவைச் சல்லி என்றது எனக்கு வியப்பில்லை. ஆனைப்பார்த் தீவின் பெயரில் உள்ள பார், முத்துப்பாரில் வரும் அதே கடலடிப் பாறை. தனுஷ்கோடிக்கு அப்பால் கிடப்பவற்றை யாரும் பார் என்பதில்லை, சல்லி என்பதில்லை. மணல் தீடை என்பார்கள், அவை மணல்தான்.

காலம்

ஃபூட்டுக்குப் பிறகு தர்ஸ்டன் 1895இல் ராமேஸ்வரம் பற்றி அருங்காட்சியக வெளியீடாக எழுதினார். 1932இல் சீமோர் சூவல் இந்தியப் பவளக் கரைகளை மறுபடி எடுத்துக்கொண்டு, கடல் இறங்கியிருக்கும் என்ற பக்கத்துக்கு எடை சேர்த்தார். இவ்விருவரிடமும் விவாதம் உண்டு, ஆண்டுக் கணக்கு இல்லை. அது வந்தது 1972இல். கேம்பிரிட்ஜின் ஸ்டாடர்ட்டும் மண்டபத்தில் பவளம் ஆய்ந்த கோபிநாத பிள்ளையும் ராமநாதபுரத்து உயர்திட்டுகள் குறித்து எழுதிய கட்டுரையில் ஒரு கதிர்க்கரிம வயது கொடுத்தார்கள்: 4020, கூட்டியோ குறைத்தோ 160 ஆண்டு.

இந்த எண்ணை மேற்கோள் காட்டுகிறவர்கள் அதைக் கல்லில் வெட்டிய ஆண்டு போல் நடத்துகிறார்கள். கடற்பவளத்தில் உள்ள கரிமம் வானத்துக் கரிமத்தைவிடப் பழசாகத் தோன்றும். அதற்குத் திருத்தம் வேண்டும். பவளம் மழைநீரில் நனைந்து மறுபடிகமானால் எண் வேறு பக்கம் சாயும். நான்காயிரம் ஆண்டு என்ற ஒழுங்கில் வைத்துக்கொள்ளலாம். நூற்றாண்டுக் கணக்கில் வாதம் செய்யக்கூடாது. இலங்கையின் தென்மேற்குக் கரையில் ஆய்வாளர் கட்டுபொத்த கண்ட உயர்பவளங்கள் ஏறத்தாழ ஆறாயிரத்திலிருந்து ஐயாயிரம் ஆண்டு. இரண்டும் பொருந்துமா, அல்லது இரண்டு தனி நிகழ்வா என்பது தீரவில்லை.

ஆனால் இரண்டுக்கும் இடம் தரக்கூடிய விளக்கம் ஒன்று 1990களில் உருவாயிற்று. பனி உருகி முடிந்தபின்பும் புவி அடங்கவில்லை. பனிப்பாரம் இருந்த நாடுகளைச் சூழ்ந்து புடைத்திருந்த கடலடி மெல்லத் தாழ்ந்தது; அந்தப் பள்ளத்தை நிரப்ப வெப்பமண்டலக் கடல் தன் நீரைக் கொடுத்தது. கூடவே, ஏறிவந்த நீரின் பாரம் கடலடியை அழுத்த, கண்டத்தின் விளிம்பு சற்று நிமிர்ந்தது. கயிற்றுக் கட்டிலின் நடுவில் ஒருவர் உட்கார்ந்தால் ஓரத்தில் என்ன ஆகும் என்று பார்த்தவர்களுக்கு இது புரியும். இதன்படி நம் அட்சரேகையில் கடல் ஆறாயிரம், நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் இன்றைவிட ஓரிரு மீட்டர் உயர நின்று, பிறகு இறங்கியது. நிலமும் சிறிது எழுந்தது, கடலும் சிறிது இறங்கியது. ஃபூட் கேட்ட ‘இதுவா அதுவா’ என்ற கேள்விக்கு ‘இரண்டும்’ என்று பதில் வருவது எனக்குச் சற்று ஏமாற்றமே. அவரைத் தோற்கடிக்க வந்தவன் நான். ஆனால் அவர் சொன்ன எழுச்சி பொட்சுவோலி வகை எழுச்சி. இது அதுவன்று.

அவர் பக்கம் ஒன்று மிச்சமிருக்கிறது, மறைக்கக்கூடாது. உயர்திட்டு ராமேஸ்வரத்தின் வடகரையில் தெளிவாகத் தெரிவதுபோல் தென்கரையில் தெரிவதில்லை. கடல் இறங்கினால் இரு கரையிலும் ஒன்றுபோல்தானே இறங்கியிருக்க வேண்டும்? வடபக்கம் அலை தணிந்த பாக் விரிகுடா, தென்பக்கம் மணல் வந்து மூடும் வளைகுடா என்பதால் வேறுபாடு வந்திருக்கலாம். மண்டபம் பகுதி உள்ளூர் அளவில் சாய்ந்து எழுந்திருக்கவும் கூடும் என்று சொல்கிறவர்கள் இன்றும் உள்ளனர். முதல் விளக்கமே எனக்கு உகந்தது. இரண்டாவதை விலக்க என்னிடம் போதிய அளவீடு இல்லை.

விலாங்குசல்லியும் பூவரசன்பட்டித் தீவும் இப்போது நீருக்குள். பவளம் வெட்டிய ஆண்டுகளில் அலையைத் தடுக்கும் திட்டு குறைந்தது ஒரு காரணம்; 2001இல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தபோது காலம் கடந்திருந்தது. எண்ணிக்கை மட்டும் இன்னும் 21 என்றே எழுதப்படுகிறது. குவிந்த சல்லி கலைந்துபோவது இயல்பு. வளர்ந்த நிலையில் கெட்டிப்பட்டு எழுந்த திட்டு அவ்வளவு எளிதாகக் கலையாது என்பதால் இதையும் என் பக்கச் சான்றாகச் சேர்த்துக்கொள்கிறேன். என் வாதத்தை உடைக்க விரும்புகிறவருக்கு வழி எளிது: கரியசல்லியின் நடுவில் சல்லியைத் துளைத்து இறங்கட்டும். இன்றைய தாழ் ஓத மட்டத்துக்கு மேலே நிமிர்ந்து அமர்ந்த பவளத் தலை ஒன்று அகப்பட்டால் போதும். அன்று பெயர் சல்லியாகவே இருக்கலாம், ஆனால் தீவு ஃபூட்டினுடையதாகிவிடும்.